விஞ்ஞானப் புனைகதையும் மதிப்புரையாளரின் கடமையும்: கோட்டையூரை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

சிவகங்கை மாவட்டத்தில், காரைக்குடிக்கு அருகில் அமைந்துள்ள கோட்டையூர் செட்டிநாட்டு ஊர்களுள் ஒன்று. தமிழகத்தின் அறிவு வரலாற்றுக்கு இவ்வூர் இருவரை ஈந்துள்ளது. ஒருவர் வள்ளல் அழகப்பச் செட்டியார் (1909–1957). பதினைந்து இலட்சம் ரூபாயும் 300 ஏக்கர் நிலமும் வழங்கி, மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தைக் காரைக்குடிக்குக் கொணர்ந்தவர் இவரே. 1948 ஜூலை 25 அன்று அதற்கு ஜவஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரியில் நிலையம் திறக்கப்பட்டது. மற்றவர் ரோஜா முத்தையா. சென்னையில் விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்த இவர், பின்னர் தம் ஊர் திரும்பிப் பழைய நூல்களையும் இதழ்களையும் சேர்ப்பதில் வாழ்நாளைச் செலவிட்டார். 1992இல் இவர் மறைந்தபோது, ஏறத்தாழ ஓர் இலட்சம் உருப்படிகள் இவரது இல்லத்தில் இருந்தன. சிகாகோப் பல்கலைக்கழகம் 1994இல் அவற்றை விலைக்கு வாங்கியது. அத்தொகுப்பே இன்று சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக விளங்குகிறது.

ஒருவர் விஞ்ஞானத்தைத் தம் நாட்டுக்குள் வரவழைத்தார். மற்றவர் பிறர் படித்து எறிந்த கதைகளைக் காத்தார். விஞ்ஞானமும் கதையும் கூடும் இடத்தில் பிறப்பது விஞ்ஞானப் புனைகதை. நம் சபைகளின் வாலிபர் இதனை ஆவலோடு படிக்கின்றனர். மனிதன் யார், அவனுடைய முடிவு என்ன, இப்பேரண்டம் யாருக்காக என்னும் வினாக்களைப் பலர் முதன்முதலில் சந்திப்பது இக்கதைகளில்தான். ஆயினும் பிரசங்க பீடம் இவற்றைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. பொருட்படுத்தும்போதும் படிக்காமலே தீர்ப்புக் கூறிவிடுகிறது. இவ்விலக்கியத்தை மதிப்பிட்டோர் முன்னாளில் எவ்வாறு நடந்துகொண்டனர் என்பதை நோக்கினால் நம் கடமை தெளிவாகும்.

சென்னை, 1905

இந்தியாவில் இவ்வகை இலக்கியத்தின் தொடக்க காலப் படைப்புகளுள் ஒன்று சென்னையில் அச்சேறியது என்பதையும், அதனை வெளியிட்டவர் ஒரு கிறிஸ்தவப் பெண்மணி என்பதையும் நம்மில் பலர் அறியோம். வங்காளத்து இஸ்லாமியப் பெண்மணியான ரொக்கையா பேகம் ஆங்கிலத்தில் எழுதிய ‘சுல்தானாவின் கனவு’ 1905இல் ‘இந்தியன் லேடீஸ் மேகஸின்’ என்னும் இதழில் வெளிவந்தது. 1901 முதல் அவ்விதழை நடத்தியவர் கமலா சத்தியநாதன். இவர் பேராசிரியர் சாமுவேல் சத்தியநாதனின் மனைவி. சென்னையில் திருப்பணியாற்றிய அருட்திரு டபிள்யூ. டி. சத்தியநாதனின் குடும்பத்தில் மருமகளாகப் புகுந்தவர்.

அக்கதையில் பெண்கள் நாடாளுகின்றனர். ஆண்கள் வீட்டுக்குள் திரைமறைவில் வாழ்கின்றனர். சூரிய வெப்பத்தைச் சேமித்துப் பயன்படுத்தவும், மேகங்களிலிருந்து நேரே நீரைப் பெறவும் அங்குள்ள பெண்கள் கற்றிருக்கின்றனர். வியப்புக்காக மட்டும் எழுதப்பட்டதன்று அக்கதை. கல்வி மறுக்கப்பட்ட பெண் இனம், கல்வி பெற்றால் என்ன செய்யும் என்பதே அதன் வினா. தம் சமயத்தைச் சாராத ஒருவரின் அவ்வினாவுக்குக் கமலா சத்தியநாதன் தம் இதழில் இடமளித்தார். மதிப்புரையின் முதற்படி இதுவே: எழுதியவர் கேட்கும் வினா யாது எனக் கண்டு, அதனைப் பிறர் செவிக்கு எட்டச் செய்தல்.

லூயிஸும் அவருடைய எதிராளிகளும்

அடுத்த படியினை இங்கிலாந்தில் காண்கிறோம். கிறிஸ்தவ விசுவாசத்திற்கு ஆதரவாக எழுதிய சி. எஸ். லூயிஸ், 1938, 1943, 1945 ஆகிய ஆண்டுகளில் மூன்று விஞ்ஞானப் புனைகதைகளை வெளியிட்டார். அவற்றில் வரும் வெஸ்டன் என்னும் விஞ்ஞானி, மனித இனம் எவ்விலை கொடுத்தேனும் கோள்தோறும் பரவவேண்டும் என எண்ணுபவன். அதற்காகப் பிற உயிர்களை அழிக்கவும் தயங்காதவன்.

இதனை இருவர் எதிர்த்தனர். ஒருவர் உயிரியல் அறிஞரும் பொதுவுடைமையாளருமான ஜே. பி. எஸ். ஹால்டேன். லூயிஸ் விஞ்ஞானிகளை இழிவுபடுத்துகிறார் என 1946இல் கடுமையான திறனாய்வு ஒன்றை எழுதினார். தாம் தாக்கியது விஞ்ஞானத்தை அன்று, இனப்பெருக்கத்தையே உயர்ந்த அறமாகக் கொள்ளும் கோட்பாட்டையே என்று லூயிஸ் மறுமொழி எழுதினார். எனினும் அம்மறுமொழி அவர் வாழ்நாளில் அச்சேறவில்லை, 1966இல்தான் வெளிவந்தது. ஆதலால் இவ்வுரையாடல் பாதியிலேயே நின்றுவிட்டது.

மற்றவர் ஆர்தர் சி. கிளார்க். விண்வெளிப் பயணத்தில் ஆர்வம் கொண்ட சங்கங்களை லூயிஸ் தம் இரண்டாம் நூலில் சாடியிருந்தார். அத்தகைய சங்கமொன்றின் உறுப்பினரான கிளார்க், 1943இல் தம் மறுப்பை லூயிஸுக்கே கடிதமாக எழுதினார். லூயிஸ் பதில் எழுதினார். கடிதப் போக்குவரத்து பல்லாண்டுகள் நீடித்தது. இருவரும் ஆக்ஸ்போர்டில் நேரில் சந்தித்தும் வாதிட்டனர். எவரும் தம் கருத்தை விட்டுக்கொடுக்கவில்லை. ஆயினும் 1953இல் கிளார்க்கின் ‘குழந்தைப் பருவத்தின் முடிவு’ வெளிவந்தபோது, லூயிஸ் கடிதம் ஒன்றில் அதனை மனமாரப் பாராட்டினார். கொள்கையால் எதிராளியான ஒருவரின் நூலை நூலாகவே படித்து, அதன் தகுதியை ஒப்புக்கொள்வது எளிதன்று.

லூயிஸின் இறுதிக் காலத்திலும் இப்பழக்கம் தொடர்ந்தது. 1962 டிசம்பர் 4 அன்று கேம்பிரிட்ஜில் அவருடைய அறையில், எழுத்தாளர்களான கிங்ஸ்லி ஏமிஸும் பிரையன் ஆல்டிஸும் அவரோடு விஞ்ஞானப் புனைகதையைக் குறித்து உரையாடினர். ஒலிப்பதிவு செய்யப்பட்ட அவ்வுரையாடல் 1964இல் அச்சில் வந்தது. லூயிஸோ 1963 நவம்பரிலேயே மறைந்துவிட்டார்.

அந்த எதிராளிகள் இருவரும் பின்னாளில் நம் பக்கத்து மண்ணையே தம் மண்ணாக்கிக்கொண்டனர் என்பதும் குறிப்பிடத்தக்கது. 1956இல் இலங்கைக்குக் குடிபெயர்ந்த கிளார்க் 2008இல் கொழும்பில் மறைந்தார். 1957இல் இந்தியாவுக்கு வந்து இந்தியக் குடிமகனான ஹால்டேன் 1964இல் புவனேசுவரத்தில் மறைந்தார். கிளார்க் 1955இல் எழுதிய ‘நட்சத்திரம்’ என்னும் சிறுகதையில், இயேசு சபையைச் சேர்ந்த வானியலார் ஒருவர், பெத்லகேமின் மேல் ஒளிர்ந்த விண்மீன் வெடித்தபோது ஓர் உயரிய நாகரிகம் முழுவதும் எரிந்து அழிந்தது எனக் கண்டு விசுவாசத்தில் கலங்குகிறார். யோபின் வினாவை விண்ணளவுக்கு விரித்த கதை அது. அதனை நாத்திகக் கதை என ஒதுக்குவது எளிது. அவ்வினாவின் முன் சிறிது நேரம் மௌனமாக நிற்பதே போதகருக்குத் தகும்.

தமிழில்

தமிழில் இவ்வகை இலக்கியத்தைப் பெருவாரியான வாசகரிடம் கொண்டுசேர்த்தவர் சுஜாதா (1935–2008). திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியில் பௌதிகம் பயின்று, பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய இவர், 1980-களில் ஆனந்த விகடனில் ‘என் இனிய இயந்திரா’ என்னும் தொடரை எழுதினார். அதில் ஜீவா என்பவன் நாட்டை ஆள்கிறான். குழந்தை பெறவும் அரசின் அனுமதி வேண்டும். மக்கள் வணங்கும் அத்தலைவன் மெய்யான மனிதனே அல்லன், ஒளியாலான பிம்பம் என்பது பின்னர் வெளிப்படுகிறது. ஜீனோ என்னும் இயந்திர நாயோ நூல்களைப் படித்துச் சிந்திக்கிறது. பேசும் சிலையை வணங்குமாறு மக்கள் கட்டாயப்படுத்தப்படுவதை வெளிப்படுத்தின விசேஷம் பதின்மூன்றாம் அதிகாரத்தில் பயின்றவர்களுக்கு இக்கதை அந்நியமானதன்று.

சுஜாதா வாசகரோடு உரையாடவும் அணியமாயிருந்தார். ‘ஏன்? எதற்கு? எப்படி?’ என்னும் தலைப்பில் ஜூனியர் விகடனில் விஞ்ஞான வினாக்களுக்கு விடையளித்தார். கடவுள் இருக்கிறாரா என்னும் வினாவையே தலைப்பாகக் கொண்டு ஒரு நூலும் எழுதினார். கேட்கும் வாசகர் இருந்தனர், விடையளிக்கும் ஆசிரியரும் இருந்தார். நம் இறையியல் இதழ்களின் குரல் அவ்வுரையாடலில் அரிதாகவே ஒலித்தது.

இதற்கு ஒரு காரணம் உண்டு. இக்கதைகள் வார இதழ்களில் தொடராக வந்தவை. படித்த வாரத்திலேயே இதழ் பழைய தாள் கடைக்குப் போயிற்று. அறிஞர் உலகம் வெகுஜன எழுத்து என்று கூறி இவற்றைப் பேணவில்லை. பேணப்படாத நூலுக்கு மதிப்புரை எழுதுவாரும் இலர். கல்லூரி நூலகங்கள் கைவிட்ட மலிவு நாவல்களையும், பாட்டுப் புத்தகங்களையும், வார இதழ்களையும் கோட்டையூரில் ஒரு தனிமனிதர் அடுக்கிவைத்தார் என்பதன் அருமை இங்குதான் விளங்குகிறது. எது இலக்கியம், எது குப்பை எனத் தீர்ப்பிட அவர் விரையவில்லை. அவர் காத்ததனால், பின்வருவோர் தாமே படித்துத் தீர்மானிக்க இயலுகிறது.

நாம் செய்யவேண்டுவன

இவ்வரலாறு நமக்குக் காட்டும் வழி மூன்று. கோட்டையூர் முத்தையாவைப்போல் முதலில் நூலைப் பேணிப் படித்தல் வேண்டும். கமலா சத்தியநாதனைப்போல் ஆசிரியர் கேட்கும் வினாவை அவருடைய வினாவாகவே முன்வைத்தல் வேண்டும். கிளார்க்கும் லூயிஸும் செய்ததுபோல், மறுப்பை ஆசிரியரிடமே கூறி, அவருடைய மறுமொழிக்குச் செவிகொடுத்தல் வேண்டும். ஆசிரியர் மறைந்திருப்பின், அவர் எழுதியவற்றுள்ளேயே அம்மறுமொழியைத் தேடுதல் தகும்.

இம்மூன்றும் இல்லாத மதிப்புரை வெறும் தீர்ப்பாக முடியும். விசாரணை இன்றி வழங்கப்படும் தீர்ப்பு நீதியாகாது. தம் கையிலிருக்கும் கதையைக் குறித்து வாலிபன் ஒருவன் போதகரிடம் வந்து கேட்கும் நாளில், ‘அதை நானும் படித்தேன்’ என்று அவர் கூற இயலுமாயின், அவ்விருவருக்குமிடையே உண்மையான உரையாடல் தொடங்கும்.