வெள்ளி போனபின் வந்த விஞ்ஞானம்

அமெரிக்காவின் கொலராடோ மலைகளில், சுமார் 9,500 அடி உயரத்தில், காதிக் என்னும் ஊர் 1880 வாக்கில் வெள்ளிச் சுரங்கத்தால் தழைத்தது. வெள்ளி குன்றியதும் மக்கள் வெளியேறினர், வீடுகள் பாழடைந்தன. 1928-இல் பேராசிரியர் ஜான் ஜான்சன் அங்கே உயிரியல் ஆராய்ச்சி நிலையம் ஒன்றை நிறுவினார். பழைய மரவீடுகளே செப்பனிடப்பட்டு அதற்குப் பயன்பட்டன.

கூரையைப் பழுதுபார்ப்பதும் விஞ்ஞானத் தொண்டாகுமோ என நாம் ஐயுறலாம். அணில் இனத்தைச் சேர்ந்த மர்மோட் என்னும் பிராணிகளை 1962 முதல் அங்கே ஆண்டுதோறும் ஆராய்ந்து வருகின்றனர். வெப்பம் மிகுந்ததால் அவை பனித்துயிலினின்று முந்தி எழுந்து, உடல் பருத்து, எண்ணிக்கையிலும் பெருகியமை 2010-இல் வெளியாயிற்று. இடையே தங்க இடமின்றி ஓராண்டுக் கணக்கு விடுபட்டிருப்பின், எச்செல்வமும் அதனை மீட்டுத் தாராது. ஆதலின், ஒழுகாத கூரைக்கு இடும் பொருளையும் அறிவுக்கு இட்ட முதலாகவே நாம் கொள்ளல் வேண்டும்.