சாய்ந்த வெட்டும் விடியற்பொழுதும்

1970களில் பினாங்கு வளர்ச்சிக் கழகம் உருவாக்கிய நகர் செபராங் ஜெயா. அந்நகரைத் தன்னகத்தே கொண்ட செபராங் பிறை, முன்னர்க் கரும்புக்கும் பின்னர் இரப்பருக்கும் பேர்பெற்ற நிலம். தமிழர் பலர் இங்குக் குடியேறியதும் அத்தோட்டங்களை நம்பியே.

பழைய வெட்டின் விளிம்பையே மெல்லச் சீவினால் பால் மீண்டும் வடியும் என்று காட்டியவர், 1888 முதல் 1911 வரை சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைமையில் இருந்த ரிட்லி. வெட்டு இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ, 25 முதல் 30 பாகை சாய்ந்திருத்தல் பின்னர் வழக்காயிற்று. சாய்வு குறைந்தால் பால் வெட்டைத் தாண்டிப் பட்டையில் வழியும். மிகுந்தால் பட்டை வீணாகும்.

பாலில் பாதிக்கு மேல் நீரே. வெயில் ஏற ஏற இலைகள் நீராவியை வெளிவிட, பட்டையினுள் அழுத்தம் குறைந்து பால் சுருங்கும். எனவேதான் விடியுமுன் வெட்டினர். இதனை ‘ஆவியாதல்’ என்னும் ஒரு சொல்லில் முடித்துவிடும் பாடநூல், அச்சொல்லின் பொருட்டு உறங்கும் குழந்தையைப் பிள்ளைக் கொட்டகையில் விட்டுச் சென்ற தாயை அறியாது.

மங்கில் சொட்டியது போக, சாய்ந்த வெட்டில் எஞ்சிய மெல்லிய பால் நீர் வற்றி நாடாவாக ஒட்டிக்கொள்ளும். அதனை உரித்தெடுத்த பின்னரே அடுத்த வெட்டு. அதுவும் பையில் சேர்ந்து, தரம் குறைந்த சரக்காக நிறுக்கப்பட்டது.

மழை பெய்து பட்டை நனைந்தாலோ, பால் வெட்டில் நில்லாது மரமெங்கும் பரவும். அன்று வெட்டில்லை, நாட்கூலியாய் உழைத்தோருக்கு அன்றைய கூலியும் இல்லை.