சொன்னபடி கேட்ட கேமரா

2010இல் கைபேசிக்குக் கேமரா செயலி எழுத வந்தவர்கள் முதலில் மோதியது பூட்டிய கதவில். ஐபோனின் ஆப் ஸ்டோர் திறந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. படம் எடுக்கச் செயலியால் முடிந்தது. ஷட்டர் வேகத்தையோ ஐஎஸ்ஓவையோ அதனால் தீர்மானிக்க முடியவில்லை. அந்த ஆகஸ்டில் கேமரா பிளஸ் என்ற செயலி, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பொத்தானையே ஷட்டராக்கும் வசதியை உள்ளே மறைத்து வைத்திருந்ததற்காகக் கடையிலிருந்து நீக்கப்பட்டது. ஆண்ட்ராய்டிலும் நுண்ணிய கட்டுப்பாடு கிடையாது.

ஆய்வாளர்களுக்கு இது போதவில்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் லெவாய் குழு, நோக்கியா ஆய்வகத்துடன் சேர்ந்து 'பிராங்கன்கேமரா' என்ற திட்டத்தில் இறங்கியது. தாங்களே கட்டிய ஒரு கேமராவோடு அவர்கள் தேர்ந்த கைபேசி நோக்கியா என்900. அதன் மீமோ இயங்குதளம் லினக்ஸ் வழி வந்தது. கருவியின் அடித்தளம் வரை இறங்கி, கேமராவை இயக்கும் நிரலையே மாற்ற முடிந்தது. விற்பனையில் ஐபோனை நெருங்காத போன்தான். ஆனாலும் இந்த வேலைக்கு அதைவிடப் பொருத்தமான தேர்வு அன்று இருந்திருக்க முடியாது.

2010இல் வெளியான அவர்களது எஃப்கேம் மென்பொருளின் உயிர்நாடி ஒரே யோசனை: அடுத்தடுத்து எடுக்கும் ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனி அமைப்பு. முதல் படம் குறைந்த வெளிச்சத்துக்கு, அடுத்தது பளிச்சென்ற வானத்துக்கு என்று கேட்டால், இடையில் கேமராவை நிறுத்தாமலே இரண்டும் வரும். எந்தப் படம் எந்த அமைப்பில் எடுக்கப்பட்டது என்பதும் கூடவே வரும். சென்சார்களுக்கும் இதே முறைதான். கை நடுக்கத்தை அளக்கும் கைரோஸ்கோப்பின் பதிவை அந்தந்தப் படத்தோடு இணைத்து, நடுக்கம் மிகக் குறைந்த படத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

2011 பிப்ரவரியில் நோக்கியா விண்டோஸ் போனுக்கு மாறுவதாக அறிவித்தது. மீமோவின் வழி அதோடு அடைபட்டது.

யோசனை மட்டும் அடைபடவில்லை. அடுத்தடுத்து எடுத்த பல படங்களை ஒன்றாக இணைக்கும் எச்டிஆர் பிளஸ், லெவாய் கூகுளில் அமைத்த குழுவிடமிருந்து 2013இல் நெக்சஸ் 5 போனுக்கு வந்தது. செயலிகள் கேமராவை இயக்குவதற்காக 2014இல் ஆண்ட்ராய்டு 5.0 கொண்டுவந்த கேமரா2 என்ற நிரல் இடைமுகம், படத்துக்குப் படம் தனி அமைப்பு என்ற அதே வழியில் கட்டப்பட்டது. அதே ஆண்டு ஐஓஎஸ் 8, ஃபோகஸையும் ஒளியளவையும் செயலிகளிடம் ஒப்படைத்தது.

ஆனால் கேமரா2வின் முழுத் திறனைத் தருவதா, ஒரு பகுதியை மட்டும் தருவதா என்பது போன் தயாரிப்பாளர் கையில் விடப்பட்டது. ஆகவே ஆண்ட்ராய்டைத் தேர்ந்தவர், அந்தந்த போன் எந்த அளவுக்கு இடம் தருகிறது என்று செயலிக்குள்ளேயே முதலில் விசாரித்துவிட்டுத்தான் அடுத்த வரியை எழுத வேண்டியிருந்தது.