விவசாயக் கழிவிலிருந்து எரிகட்டி: ஏழைகளின் அடுப்பை எட்டுமா?

உலகில் இன்றும் சுமார் 210 கோடி மக்கள் விறகு, மரக்கரி, சாணம், பயிர்க்கழிவு, மண்ணெண்ணெய் போன்றவற்றைக் கொண்டே அன்றாடம் சமைக்கின்றனர். வீடுகளுக்குள் எழும் இந்தப் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் 32 லட்சம் பேர் உரிய காலத்துக்கு முன்பே இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அவர்களில் 2 லட்சத்து 37 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள்.

இதே நாடுகளில்தான், அறுவடை முடிந்த வயல்களில் கரும்புத் தோகையும் வைக்கோலும் கொளுத்தப்படுகின்றன. ஆலை வாசல்களில் உமியும் சக்கையும் மலைபோல் குவிகின்றன. ஒருபுறம் எரிபொருள் பற்றாக்குறை, மறுபுறம் எரிக்கக்கூடிய பொருள் வீணாதல் என்ற இந்த முரண்பாட்டுக்குத் தீர்வாக, கழிவுகளை அழுத்திக் கட்டியாக்கும் முறை கடந்த பல ஆண்டுகளாக முன்வைக்கப்பட்டு வருகிறது. ஆங்கிலப் பெயரில் 'பிரிக்கெட்' என்று அழைக்கப்படும் இவற்றைத் தமிழில் எரிகட்டிகள் எனலாம்.

இதற்கான தொழில்நுட்பம் எளிமையானது. பல நாடுகளில் செயல்படுத்தியும் காட்டப்பட்டுள்ளது. அப்படியிருந்தும் ஏழைகளின் சமையலறைகளில் இது பரவலாக இடம்பிடிக்காதது ஏன் என்பதே இன்று எழும் கேள்வி.

எரிகட்டி என்றால் என்ன?

சாணத்தைத் தட்டி, காயவைத்து, வரட்டியாக்கி எரிக்கும் வழக்கம் தமிழர்களுக்குப் புதிதல்ல. தளர்வான பொருளைக் கட்டியாக்கினால் அதைச் சேமிப்பதும் சுமப்பதும் எளிது. அது நின்று நிதானமாக எரியும். எரிகட்டியின் அடிப்படையும் இதுதான். ஒரு கனமீட்டர் உமியின் எடை ஏறக்குறைய 100 கிலோதான். அதையே இயந்திரத்தில் அழுத்தினால், அதே இடத்தில் 1,000 கிலோவுக்கும் மேல் அடக்க முடியும்.

எரிகட்டிகள் தயாரிப்பதில் இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, கழிவைக் கரியாக்காமல் அப்படியே உயர் அழுத்தத்தில் கட்டியாக்குவது. அழுத்தத்தில் உண்டாகும் வெப்பத்தால், தாவரப் பொருளில் இயற்கையாகவே உள்ள லிக்னின் என்ற பொருள் இளகி, பசைபோலச் செயல்படுகிறது. இதனால் தனிப் பசை தேவையில்லை. ஆனால், மின்சாரமும் விலையுயர்ந்த இயந்திரமும் வேண்டும். கழிவின் ஈரப்பதமும் பத்து சதவீதத்தை ஒட்டியே இருக்க வேண்டும்.

இரண்டாவது, கழிவை முதலில் காற்றுக் குறைவாக உள்ள கலனில் எரித்துக் கரியாக்கி, பொடித்து, பசை சேர்த்து, கட்டியாக்கிக் காயவைப்பது. இதற்குப் பெரிய முதலீடு தேவையில்லை. புகையும் பெருமளவு குறைகிறது. ஏழை நாடுகளின் சமையலறைகளுக்கு ஏற்றது என்று கருதப்படுவது இந்த இரண்டாவது முறையே.

ஹெய்ட்டியின் எண்ணெய்ப் பீப்பாய்

கரீபியன் தீவு நாடான ஹெய்ட்டியில், நகர மக்களின் முதன்மையான சமையல் எரிபொருள் மரக்கரி. மண்ணால் மூடிய பாரம்பரியச் சூளைகளில் ஒரு கிலோ மரக்கரி எடுக்க ஐந்து முதல் பத்து கிலோ மரம் வரை செலவாகிறது. மரக்கரித் தேவை, அந்நாட்டின் காடுகள் அழிவதற்கான காரணங்களில் ஒன்றாக நீண்டகாலமாகவே சுட்டிக்காட்டப்படுகிறது.

அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த பொறியாளர் ஏமி ஸ்மித்தும் அவரது மாணவர்களும் 2000களின் முற்பகுதியில் இதற்கு ஒரு மாற்று வழியைத் தேடினர். கரும்பாலைகளில் வீசப்படும் சக்கை அவர்களுக்குப் பயன்பட்டது. அடியில் துளையிட்ட ஒரு பழைய எண்ணெய்ப் பீப்பாயில் உலர்ந்த சக்கையை நிரப்பித் தீ மூட்டுவார்கள். தொடக்கத்தில் வெளியேறும் அடர்ந்த புகை அடங்கியதும், பீப்பாயின் மேலும் கீழும் காற்றுப் புகாமல் அடைத்துவிடுவார்கள். உள்ளிருக்கும் சக்கை சாம்பலாகாமல் கரியாகும். அந்தக் கரித்தூளுடன் மரவள்ளி மாவுக் கூழைப் பிசைந்து, எளிய கருவியால் அழுத்தினால் எரிகட்டி தயார்.

பீப்பாய், மரவள்ளி, சக்கை ஆகிய மூன்றுமே உள்ளூரில் கிடைப்பவை. கானா போன்ற நாடுகளில் மக்காச்சோளத் தக்கையைக் கொண்டு இம்முறை முயலப்பட்டபோது, இன்னும் எளிதாக அமைந்தது. கரியான பின்னும் தக்கை தன் வடிவத்தை இழப்பதில்லை என்பதால், பொடிக்கவோ பசை சேர்க்கவோ தேவை ஏற்படவில்லை.

இந்தியாவில், புனே நகரில் ஆனந்த் கார்வே நிறுவிய 'ஆர்த்தி' என்ற ஊரகத் தொழில்நுட்ப நிறுவனம், வயலில் கொளுத்தப்படும் கரும்புத் தோகையைக் கரியாக்கும் சூளையை உருவாக்கியது. மூடிய கலன்களில் தோகையைச் சூடாக்கும்போது வெளிவரும் வாயுவையே எரித்து, அந்த வெப்பத்தைக் கரியாக்கலுக்குப் பயன்படுத்துவது இதன் சிறப்பு. 2002ஆம் ஆண்டில் பிரிட்டனின் ஆஷ்டன் விருது இதற்கு வழங்கப்பட்டது.

ஆப்பிரிக்க அனுபவங்கள்

உகாண்டாவில் வங்கிப் பணியிலிருந்த சங்கா மோசஸ், 2009இல் சொந்த ஊருக்குச் சென்றபோது, பள்ளிக்குப் போக வேண்டிய தங்கை விறகு சுமந்து வருவதைக் கண்டார். பின்னர் வேலையைத் துறந்து, 'ஈகோ ஃபியூவல் ஆப்பிரிக்கா' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். விவசாயிகளிடம் எளிய சூளைகளைக் கொடுத்து, அவர்கள் தங்கள் கழிவிலிருந்து எடுக்கும் கரியை வாங்கி எரிகட்டியாக்கி, பெண் சில்லறை வியாபாரிகள் மூலம் விற்பது அதன் முறை. கழிவைக் கொடுப்பவருக்கும் விற்பவருக்கும் வருமானம் கிடைக்கும்படி வகுக்கப்பட்ட இந்த ஏற்பாடு, அக்காலத்தில் சர்வதேச அளவில் கவனம் பெற்றது.

கென்யத் தலைநகர் நைரோபியில் 1990களின் இறுதியில் தொடங்கிய 'சார்டஸ்ட்' நிறுவனம் வேறொரு கழிவைத் தேர்ந்தெடுத்தது. மரக்கரிக் கடைகளின் தரையில் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து கிடந்த கரித்தூளே அது. மரக்கரியை விட விலை குறைவாகவும், நீண்டநேரம் எரிவதாகவும் இருந்த அதன் எரிகட்டிகளை உணவகங்களும், குஞ்சுகளுக்கு வெப்பம் தேவைப்படும் கோழிப்பண்ணைகளும் விரும்பி வாங்கின. தொடர்ச்சியாகப் பெருமளவில் வாங்கும் வாடிக்கையாளர் இருந்தால்தான் இத்தொழில் நிலைக்கும் என்பதற்கு இது ஓர் உதாரணம்.

கொங்கோ ஜனநாயகக் குடியரசின் கிழக்கே நிலைமை மிகவும் சிக்கலானது. மலைக் கொரில்லாக்கள் வாழும் விருங்கா தேசியப் பூங்காவின் மரங்கள், கோமா நகருக்கும் அதைச் சுற்றியுள்ள அகதி முகாம்களுக்கும் தேவையான மரக்கரிக்காக வெட்டப்பட்டன. இந்த வணிகத்தில் ஆயுதக் குழுக்களுக்கும் பங்கிருந்தது. 2007ஆம் ஆண்டில் அங்கு கொரில்லாக்கள் சுட்டுக் கொல்லப்பட்டது உலகையே அதிர வைத்தது. அந்தக் கொலைகளின் பின்னணியில் மரக்கரி வணிகம் இருப்பதாகக் கூறப்பட்டது. அதன் பிறகு பூங்கா நிர்வாகம், உள்ளூர்க் குழுக்களுக்கு மரத்தாலான கை அழுத்திகளை வழங்கி, எரிகட்டித் தயாரிப்பை ஊக்குவித்தது.

ஆனால் மரக்கரி வணிகம் அதனால் நின்றுவிடவில்லை. பாதுகாக்கப்பட்ட காட்டிலிருந்து விலையின்றி எடுக்கும் மரத்தோடு, கூலி கொடுத்துச் செய்யும் எரிகட்டி போட்டியிடுவது கடினம். கையால் செய்த எரிகட்டி வெயிலில் பல நாட்கள் காய வேண்டும். மழைக்காலத்தில் உற்பத்தி தடைப்படும். துப்பாக்கியின் பாதுகாப்பில் நடக்கும் ஒரு வணிகத்தை, மாற்று எரிபொருளால் மட்டும் வெல்ல முடியாது என்பதை விருங்கா உணர்த்தியது.

எவ்வளவு தூய்மையானது?

எரிகட்டிகள் பெரும்பாலும் 'தூய எரிபொருள்' என்றே விளம்பரப்படுத்தப்படுகின்றன. இதைச் சற்றுக் கவனத்துடன் அணுக வேண்டும். கரியாக்காமல் அழுத்தப்பட்ட எரிகட்டி, சாதாரண அடுப்பில் விறகைப் போலவே புகையக்கூடும். கரியாக்கப்பட்ட எரிகட்டியில் கண்ணுக்குத் தெரியும் புகை குறைவு என்றாலும், மரக்கரியைப் போலவே கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவை அது வெளியிடுகிறது. இந்த வாயுவுக்கு நிறமோ மணமோ கிடையாது. காற்றோட்டமில்லாத அறையில் கரியடுப்பு வைத்து உறங்குவது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். புகை இல்லை என்பதால் ஆபத்தும் இல்லை என்று எண்ணிவிடுவது இதனால்தான் தவறாகிறது.

கழிவின் தன்மையும் முக்கியம். நெல் உமியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். அதில் பெரும்பகுதி சிலிக்கா. உமியைக் கரியாக்கினால் சாம்பலின் விகிதம் இன்னும் கூடும் என்பதால், கிடைக்கும் வெப்பம் குறைகிறது. உமியை நேரடியாக அழுத்தும் திருகு இயந்திரங்களையும் சிலிக்கா விரைவில் தேய்த்துவிடுகிறது. வங்கதேசத்தில் உமி எரிகட்டிகள் தேநீர்க் கடைகளிலும் உணவகங்களிலும் பரவலாகப் பயன்பட்டு வந்தாலும், திருகுகளை அடிக்கடி பற்றவைத்துச் சீர்செய்ய வேண்டியிருப்பது அங்குள்ள தயாரிப்பாளர்களுக்குத் தொடர் சுமையாகவே இருந்துவந்துள்ளது.

கழிவுக்கு விலை வந்தால்

பொருளாதாரக் கோணத்தில் பார்த்தால் இரண்டு தடைகள் தெளிவாகத் தெரிகின்றன. முதலாவது, விறகு விலையின்றிக் கிடைக்கும் கிராமங்களில் எரிகட்டிக்குக் காசு கொடுக்க யாரும் முன்வருவதில்லை. அந்த விறகைச் சேகரிக்கப் பெண்களும் சிறுமிகளும் செலவிடும் நேரம் குடும்பக் கணக்கில் எழுதப்படுவதில்லை. எனவே, எரிகட்டி வெற்றிபெறும் வாய்ப்பு, மரக்கரியைப் பணம் கொடுத்து வாங்கும் நகரங்களில்தான் அதிகம். கென்ய அரசு 2018இல் அரசுக் காடுகளில் மரம் வெட்டத் தடை விதித்ததைத் தொடர்ந்து மரக்கரியின் விலை ஏறியது. இத்தகைய தருணங்களில்தான் எரிகட்டிகளுக்கான தேவை கூடுகிறது.

இரண்டாவது தடை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கழிவு என்று வெளியாட்கள் அழைக்கும் பொருளுக்குப் பெரும்பாலும் ஏற்கெனவே ஓர் உரிமையாளரும் ஒரு பயனும் உண்டு. வைக்கோல் மாட்டுத் தீவனம். வயலில் மக்கும் தாள்கள் மண்ணுக்கு உரம். ஏழைக் குடும்பங்கள் ஆலையிலிருந்து காசில்லாமலோ சொற்ப விலைக்கோ அள்ளிவந்த உமி, அதை எரித்து மின்சாரம் தயாரிக்கும் நிலையங்கள் வந்த இடங்களில் விலைப்பொருளாக மாறியது. கழிவுக்கு விலை ஏற்பட்டதும், அது அதிக விலை கொடுப்பவரை நாடிச் செல்கிறது.

இந்தியாவின் அனுபவம் இதை விளக்குகிறது. நிலக்கடலைத் தோல், பருத்திச் செடியின் தண்டு, மரத்தூள் போன்றவற்றிலிருந்து 'வெள்ளை நிலக்கரி' என்ற பெயரில் எரிகட்டி செய்யும் தொழில் அங்கு வளர்ந்துள்ளது. ஆனால் அவற்றில் பெரும்பகுதி ஆலைகளின் கொதிகலன்களுக்கே செல்கிறது. 2021 அக்டோபரில் இந்திய மின்துறை அமைச்சகம், அனல் மின் நிலையங்கள் நிலக்கரியுடன் 5 சதவீதம் பயிர்க்கழிவு உருளைகளைச் சேர்த்து எரிப்பதைக் கட்டாயமாக்கும் கொள்கையை வெளியிட்டது. பஞ்சாபிலும் ஹரியானாவிலும் வைக்கோல் கொளுத்தப்படுவதால் டெல்லியைச் சூழும் புகையைக் குறைப்பதும் இதன் நோக்கங்களில் ஒன்று. சமையலறைகளுக்கு இந்திய அரசு தேர்ந்தெடுத்த வழி வேறு. 2016இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தின் மூலம் எரிவாயு இணைப்புகள் வழங்கப்பட்டன. இணைப்பைப் பெற்ற ஏழைக் குடும்பங்கள் பலவற்றுக்கு, அடுத்த சிலிண்டர் வாங்குவதற்கான பணமே பிரச்சனையாக உள்ளது.

இலங்கையில் தேங்காய்ச் சிரட்டைக் கரி நெடுங்காலமாகவே ஏற்றுமதிப் பொருள். நீரைச் சுத்திகரிக்கவும் தங்கத்தைப் பிரித்தெடுக்கவும் பயன்படும் செயலூட்டிய கரியாக அது வெளிநாடுகளுக்குச் செல்கிறது. இந்தோனேசியாவின் சிரட்டைக் கரிக்கட்டிகள் மத்திய கிழக்கின் ஹூக்காக்களுக்கும் ஐரோப்பிய வீடுகளின் கோடைகால இறைச்சி அடுப்புகளுக்கும் வருகின்றன. புலம்பெயர்ந்த நாடுகளில் வாழும் தமிழர்கள் பலர் கடைகளில் இந்தப் பொதிகளைப் பார்த்திருப்பார்கள். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் அந்நியச் செலாவணியின்றி எரிவாயு இறக்குமதி தடைப்பட்டபோது, கரியை ஏற்றுமதி செய்யும் இலங்கையின் நகர மக்கள் விறகு தேடி அலைந்தனர் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

செய்யக்கூடியவை என்ன?

இதனால் எரிகட்டிகள் பயனற்றவை என்று முடிவு செய்துவிட முடியாது. மின்சாரமோ எரிவாயுவோ எட்டும் வரை, ஆப்பிரிக்காவின் கோடிக்கணக்கான குடும்பங்களுக்கு மரக்கரியைத் தவிர வேறு வழி இல்லை. அந்த இடைக்காலத்தில், மரத்தை வெட்டாமல் கிடைக்கும் கரி மதிப்புமிக்கதே.

இதுவரையிலான அனுபவங்களிலிருந்து சில பாடங்களைப் பெறலாம். வயல்களில் சிதறிக் கிடக்கும் கழிவைத் திரட்டும் செலவே லாபத்தை விழுங்கிவிடும் என்பதால், ஆலைகளில் ஏற்கெனவே ஓரிடத்தில் குவிந்துள்ள உமி, சக்கை, தோல் போன்றவற்றிலிருந்து தொடங்குவது நல்லது. எரிகட்டியோடு அதற்கேற்ற அடுப்பும் காற்றோட்டமும் சேர்த்து வழங்கப்பட வேண்டும். சட்டவிரோத மரக்கரி கட்டுப்பாடின்றி விற்கப்படும் வரை, நேர்மையாகச் செய்யப்படும் எரிகட்டி சந்தையில் தோற்றுக்கொண்டேயிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, தங்கள் கழிவின் மீது விவசாயிகளுக்கும் கூலித் தொழிலாளர்களுக்கும் உள்ள உரிமை பாதுகாக்கப்பட வேண்டும்.

இத்தகைய திட்டங்கள் பொதுவாக எத்தனை இயந்திரங்கள் வழங்கப்பட்டன, எத்தனை டன் உற்பத்தியானது என்ற கணக்கில் அளக்கப்படுகின்றன. நிதியுதவி நின்று ஐந்து ஆண்டுகள் கழித்து, எத்தனை வீடுகளின் அடுப்பில் இந்த எரிகட்டி எரிகிறது என்பதே அவற்றின் வெற்றியைச் சரியாகக் காட்டும் அளவுகோலாக இருக்கும்.