சம்பளமில்லாத வாத்தியார்

தானத்தில் சிறந்தது அன்னதானம் என்று ஒரு கட்சி. வித்யாதானம் என்று இன்னொரு கட்சி. கல்யாண வீடுகளிலும் ரயில் பெட்டிகளிலும் இந்த விவாதத்தைப் பல தடவை கேட்டிருக்கிறேன். எது சிறந்தது என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. எது சிரமம் என்று கேட்டால் மட்டும் தயங்காமல் சொல்வேன். அன்னதானம் ஒரே வேளையில் முடிந்துவிடும். போட்டவருக்கும் திருப்தி, உண்டவருக்கும் திருப்தி. வித்யாதானம் அப்படி அல்ல. இன்றைக்குப் போனால் நாளைக்கும் போக வேண்டும். மழையில் போக வேண்டும். தலைவலியோடு போக வேண்டும். போய்ச் சேர்ந்த பிறகு, படிக்க வேண்டியவர்கள் வீட்டில் விருந்தாளி வந்திருப்பதாகத் தகவல் வரும். புண்ணியம் செய்கிறோம் என்ற நினைப்பை மட்டும் நம்பி இதில் இறங்குகிறவர்களை நான் கவனித்திருக்கிறேன். அந்த நினைப்புக்கு ஆயுள் சுமார் இரண்டு மாதம்.

படிக்காதவர்களின் சரித்திரம் ஜனத்தொகைக் கணக்குகளில் இருக்கிறது. 1951-ம் ஆண்டில் இந்தியாவில் நூற்றுக்குச் சுமார் 18 பேருக்குத்தான் எழுத்துத் தெரியும். அறுபது வருஷம் கழித்து, 2011-ல், தமிழ்நாட்டில் நூற்றுக்கு 80 பேருக்குத் தெரியும். நடுவில் எத்தனையோ திண்ணைகளில், எத்தனையோ மண்ணெண்ணெய் விளக்குகளின் அடியில், யாரோ யாருக்கோ எழுத்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சம்பளமில்லாத அந்த வாத்தியார் ஏன் வந்தார், எது அவரைப் பிடித்து நிறுத்தியது, எப்போது விட்டுவிட்டுப் போனார்? எந்தக் கணக்கிலும் இதற்குப் பதில் இல்லை. எனக்குத் தெரிந்த வரையில் அந்தக் கதையைச் சொல்லிப் பார்க்கிறேன்.

எங்கள் தாம்பரத்திலிருந்தே தொடங்கலாம். 1931-ல் கடற்கரையிலிருந்து இங்கே மின்சார ரயில் வந்தது. 1937-ல் கிறிஸ்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனின் நெரிசலை விட்டுவிட்டு, சேலையூர்ப் பக்கத்துக் காட்டு நிலத்துக்குக் குடிவந்தது. மறு வருஷம், 1938 டிசம்பரில், உலகத்து மிஷனரிகளின் மகாநாடு ஒன்று அந்தக் கல்லூரி வளாகத்தில் கூடியது. ரயில்கள் வந்து திரும்பும் ஒரு சிற்றூரின் பெயர் அதனால் கடல் கடந்து போயிற்று. 1940 முதல் 1946 வரை அந்தக் கல்லூரியில் பொருளாதாரம் போதித்தவர் மால்கம் ஆதிசேஷையா. பிற்பாடு அவர் யுனெஸ்கோவின் துணைத் தலைமை இயக்குநராக உயர்ந்தார். சென்னைக்குத் திரும்பிய பிறகும் முதியோர் கல்வியைப் பற்றி விடாமல் பேசிக்கொண்டும் எழுதிக்கொண்டும் இருந்தார். 1994-ல் காலமானார். எழுத்தறிவுப் பணிக்காக யுனெஸ்கோ அவர் பெயரில் ஒரு பரிசைப் பின்னால் ஏற்படுத்தியது. சேலையூர்க் காட்டில் பாடம் சொன்னவர் பெயரில் பாரிஸில் பரிசு கொடுத்தார்கள் என்பதில் எங்கள் பக்கத்தாருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

அந்தக் காலத்து மிஷனரிகளிடையே பிராங்க் லாபாக் என்ற அமெரிக்கரின் பெயர் வெகு பிரசித்தம். பிலிப்பைன்ஸ் தீவுகளில் லனாவோ என்ற பகுதியில், மோரோக்கள் என்ற முஸ்லிம் ஜனங்களுக்கு அவர் எழுத்துச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். சம்பளத்துக்கு ஆசிரியர்களை வைத்திருந்தார். 1930-களின் தொடக்கத்தில் உலகமெங்கும் பணமுடை வந்தபோது, அமெரிக்காவிலிருந்து வந்துகொண்டிருந்த நன்கொடை வற்றிவிட்டது. ஆசிரியர்களை அனுப்பிவிட வேண்டியதுதான் என்று அவர் சொன்னபோது, அங்கிருந்த தலைவர் ஒருவர் எழுந்தார். படித்தவன் ஒவ்வொருவனும் இன்னொருவனுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும், மாட்டேன் என்கிறவனைக் கொன்றுவிடுவேன் என்றாராம். லாபாக்கே இதை எழுதியிருக்கிறார். அந்தத் தலைவர் யாரையும் கொன்றதாகத் தகவல் இல்லை. ஆனால் எல்லோரும் சொல்லிக் கொடுத்தார்கள்.

'ஒருவர் ஒருவருக்குக் கற்பிப்போம்' என்று பிற்காலத்தில் சுவர்களில் எல்லாம் எழுதப்பட்ட சாத்விகமான வாசகம் பிரபலமானதற்குப் பின்னால் இப்படி ஒரு கத்தி இருந்தது! 1935-ல் லாபாக் இந்தியாவுக்கும் வந்தார். அவருடைய முறை இங்கே பரவியது. கத்தியை மட்டும் கப்பலிலேயே விட்டுவிட்டார்கள். எனக்கு அந்த மோரோத் தலைவரைப் பிடித்திருக்கிறது. சொல்லிக் கொடுப்பதை அவர் தர்மமாக நினைக்கவில்லை, கடனாக நினைத்தார். நேற்றுக் கற்றவன் இன்று கற்பிக்கும்போது அவனிடம் பெரிய மனுஷத்தனம் இருக்காது. தானும் நேற்றுத்தான் தடுமாறினோம் என்பது அவனுக்கு நினைவிருக்கும்.

கடனுக்குப் பதிலாகக் காசைக் கொண்டுவந்தது சர்க்கார். 1978 அக்டோபர் 2-ம் தேதி தேசிய வயதுவந்தோர் கல்வித் திட்டம் தொடங்கியது. பதினைந்து வயது முதல் முப்பத்தைந்து வயது வரை உள்ள பத்துக் கோடிப் பேருக்கு ஐந்து வருஷத்தில் எழுத்தறிவு. மையத்துக்கு முப்பது பேர். சொல்லிக் கொடுப்பவருக்கு மாதம் 50 ரூபாய். அன்றைய விலைவாசியிலும் ஐம்பது ரூபாய் ஒரு சம்பளம் அல்ல. ஆனால் தானம் என்ற பெருமையைப் பறித்துக்கொள்ள அது போதும். ஐம்பது ரூபாய் வாங்கியவர் உத்தியோகஸ்தராகிவிட்டார். உத்தியோகம் என்றால் பதிவேடு உண்டு. பதிவேடு என்றால் வருகைக் குறி உண்டு. விளக்கு எரியாத மையங்களிலும் பதிவேட்டில் முப்பது குறிகள் விழுந்த கதைகளை அந்தக் காலத்து மனிதர்கள் இன்றும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். உண்மையாக உழைத்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் பாடு இன்னும் சங்கடம். திட்டம் சில வருஷங்களில் சோர்ந்துபோயிற்று.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போகக் கூடாது. அதே அக்டோபர் மாதத்தில்தான் தமிழ்நாட்டு அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று உத்தரவு போட்டது. 1935-லேயே அவர் 'குடி அரசு' பத்திரிகையில் கடைப்பிடித்த முறை அது. பழைய அச்சில் லை, ணை, னை எல்லாம் யானைத் துதிக்கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். ணா, றா, னா ஆகியவை கால் இல்லாமல் தாமே சுருண்டுகொள்ளும். சின்ன வயதில் கற்றவர்களுக்கு அதில் ஒரு சிரமமும் இல்லை. நாற்பது வயதில் கற்க வந்தவருக்கு, 'க'வுக்குக் கால் போட்டால் 'கா', 'ன'வுக்கு மட்டும் ஏன் கால் போடக்கூடாது என்று தோன்றும். நியாயமான கேள்வி. பதில் சொல்ல முடியாமல் திண்டாடிய வாத்தியார்களைப் பதின்மூன்று எழுத்துக்களை மாற்றிய ஒரே உத்தரவு காப்பாற்றியது. முதியோர் கல்விக்கு அந்த வருஷம் செய்த உபகாரங்களில் பத்துக் கோடித் திட்டத்தைவிட இதுவே பெரிது என்பது என் அபிப்பிராயம்.

பத்து வருஷம் கழிந்தது. கேரளத்தில் சாஸ்திர சாகித்ய பரிஷத்தும் எர்ணாகுளம் ஜில்லா நிர்வாகமும் சேர்ந்து, காசில்லாமல் ஒரு காரியம் செய்து காட்டின. சுமார் இருபதாயிரம் தொண்டர்கள். ஒருவருக்கும் சம்பளம் கிடையாது. 1990 பிப்ரவரி 4-ம் தேதி எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற ஜில்லா என்று அறிவிக்கப்பட்டது. அடுத்த வருஷம் ஏப்ரலில் கேரளம் முழுவதற்கும் அந்த அறிவிப்பு வந்தபோது, கோழிக்கோட்டு மேடையில் அதை வாசித்தவர் முதலமைச்சர் அல்ல; புதிதாக எழுத்துக் கற்றிருந்த சேலக்கோடன் ஆயிஷா என்ற பெண்மணி.

அந்த அலைதான் அறிவொளி இயக்கம் என்ற பெயரில் தமிழ்நாட்டுக்கும் வந்தது. 1991-ல் புதுக்கோட்டை ஜில்லாவில் தொடங்கியபோது அங்கே கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். வறண்ட பூமி, கல் குவாரிகளும் மானாவாரி நிலங்களும் நிறைந்த ஜில்லா. படிக்க வேண்டியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆகவே சொல்லிக் கொடுக்கவும் பெண்கள் வேண்டும். பெண்கள் கிடைத்தார்கள். ஆனால் பஸ் போகாத கிராமங்களுக்கு அவர்கள் எப்படிப் போவது? அண்ணன் கொண்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் அப்பா வர வேண்டும். இந்த நடைமுறைச் சங்கடத்திலிருந்து ஒரு யோசனை பிறந்தது: முதலில் தொண்டர்களுக்குச் சைக்கிள் விடக் கற்றுக் கொடுப்பது. எழுத்தைப் போலவே சைக்கிளும் பாடத்தில் ஒரு பகுதி ஆயிற்று.

நினைத்துப் பாருங்கள். கிராமத்தில் ஒரு பெண் சைக்கிளில் ஏறினால் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்கள் என்ன பேசுவார்கள்! பேசத்தான் பேசினார்கள். ஆனால் அவள் 'அறிவொளி' வேலையாகப் போகிறாள், கலெக்டரம்மா சொல்லியிருக்கிறார். அந்த ஒரு வார்த்தை குடையாக இருந்தது. வாத்தியாரம்மாவைப் பார்த்துப் படிக்க வந்தவர்களும் சைக்கிள் கேட்டார்கள். 1992-ம் வருஷத்து மகளிர் தினத்தில் ஆயிரத்து ஐந்நூறு பெண்களுக்கு மேல் மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டை வீதிகளில் சைக்கிள் ஊர்வலம் போனார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அங்கே போய் விசாரித்து எழுதியிருக்கிறார்: ஒரு லட்சம் பெண்களுக்கு மேல் சைக்கிள் பழகினார்கள், பத்து வயதுக்குட்பட்ட சிறுமிகளைக் கழித்துவிட்டுப் பார்த்தால் கிராமத்துப் பெண்களில் நாலில் ஒருத்தி! பெண்கள் சைக்கிள் கடைகளில் தீர்ந்துபோய், ஆண்கள் சைக்கிளை வாங்கினார்கள். முன்னால் குறுக்குக் கம்பி இருப்பதால் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று, அதையே விரும்பிக் கேட்டவர்களும் உண்டாம்.

சம்பளமில்லாத வாத்தியாருக்கு என்ன கிடைத்தது என்ற கேள்விக்குப் புதுக்கோட்டையில் தெளிவான பதில் இருக்கிறது. பதினெட்டு, இருபது வயதுப் பெண்ணுக்கு, பொழுது சாய்ந்த பிறகு வீட்டை விட்டு வெளியே போக ஒரு மரியாதையான காரணம் கிடைத்தது. திரும்பி வருவதற்கு ஒரு வாகனம் கிடைத்தது. ஐம்பது ரூபாய் இதற்குப் பக்கத்தில் நிற்குமா?

ஆனால் அறிவிப்பு வந்ததும் அலை ஓய்ந்துவிடுகிறது. ஜில்லா எழுத்தறிவு பெற்றுவிட்டது என்று மேடையில் சொன்ன மறுநாள், வாத்தியாரம்மா எந்தக் காரணத்தைச் சொல்லிக்கொண்டு வெளியே கிளம்புவாள்? மாணவிக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்; எழுத்துக் கூட்டிப் படிக்கவும் தெரியும். அதைப் பழக்கத்தில் வைத்திருக்க இன்னும் இரண்டு மூன்று வருஷம் யாராவது பக்கத்தில் உட்கார வேண்டும். புழங்காத எழுத்து, புழங்காத பாத்திரம் மாதிரி களிம்பேறிவிடும். 2011-ம் வருஷக் கணக்கிலும் தமிழ்நாட்டுப் பெண்களில் நாலில் ஒருவருக்கு மேல் எழுத்தறியாதவர்கள்தான். 2022-ல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் மறுபடியும் தொண்டர்களைத் தேட வேண்டியதாயிற்று.

புதுக்கோட்டைச் செய்திகளைப் படித்த சூட்டில், 1993-ல் நாங்கள் சிலர் இரும்புலியூரில் ஒரு வீட்டுத் திண்ணையில் இரவு வகுப்பு நடத்தினோம். வந்தவர்கள் பல்லாவரம், திரிசூலம் பக்கம் கல்லுடைக்கப் போகிறவர்கள், வீட்டு வேலை செய்கிறவர்கள், தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் பூ விற்கும் ஒரு அம்மாள். குழாயில் தண்ணீர் வரும் நேரத்தைப் பொறுத்து வகுப்பு நேரம் மாறும். சொல்லிக் கொடுக்க வந்தவர்களில், நான் முதலில் சொன்ன கணக்குப்படி, இரண்டு மாதத்தில் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். நிற்காதவர்களில் ஒருத்தி பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருந்த பெண். அவள் ஏன் நிற்கவில்லை என்பது எனக்கு ஒரு நாள் புரிந்தது.

பூக்காரம்மாள் மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து விரித்தாள். அடகுக் கடை ரசீது. "பாப்பா, உன் புஸ்தவம் கெடக்கட்டும். இத்தப் படி" என்றாள்.

அந்தப் பெண் கடகடவென்று படித்தாள். தோடு ஒரு ஜோடி, தொகை 800 ரூபாய், ஒரு வருஷம் ஏழு நாளுக்குள் மீட்க வேண்டும், வட்டி இத்தனை சதவீதம் என்று பொடி எழுத்து வரைக்கும் விடவில்லை.

"எட்டு நூறா? என் கைல குடுத்தது எழு நூத்தி எழுவத்தாறு."

"மீதி எங்கேம்மா போச்சு?"

"நூத்துக்கு மூணு வட்டி. மொத மாசத்தத அப்பவே புடிச்சிக்குவான். இன்னா பாப்பா, எழுத்தப் படிக்கிற, இது தெரியலியே உனக்கு!"

ரசீதில் அச்சடித்திருந்த வட்டி அதில் பாதிகூட இல்லை. அச்சில் ஒன்று, கடையில் ஒன்று. அது பூக்காரம்மாளுக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது. இரண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்து, ஒரு மாத வட்டி எவ்வளவு, வருஷத்துக்கு எவ்வளவு என்று ராத்திரி ஒன்பது மணி வரை போட்டுப் பார்த்தார்கள். ஒருத்திக்குக் கணக்குத் தெரியும், எழுத்துத் தெரியாது. இன்னொருத்திக்கு எழுத்துத் தெரியும், உலகத்துக் கணக்குத் தெரியாது. அதற்குப் பிறகு அந்தப் பெண் ஒரு நாளும் வகுப்புக்கு வராமல் இருந்ததில்லை.

இரண்டு வாரம் கழித்துப் பூக்காரம்மாள் கடைக்குப் போய், ரசீதில் விரலை வைத்து, எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தாளாம். கடைக்காரர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அரை ரூபாய் குறைத்துக்கொண்டார். நியாயமாகக் குறைக்க வேண்டியது அதைவிட அதிகம். ஆனாலும் கடைத்தெருவில் அது ஒரு செய்தியாகிவிட்டது.

1995-ல் வீட்டுக்காரர் திண்ணையை இடித்துக் கடை கட்டினார், வகுப்பு நின்றது. சொல்லிக் கொடுத்த பெண் கல்யாணமாகி மதுராந்தகம் போய்விட்டாள். பூக்காரம்மாள் செய்தித்தாள் படிக்கிற அளவுக்கு வரவேயில்லை. ரசீதுகளை மட்டும் நன்றாகப் படித்தாள். ஸ்டேஷன் வாசலில் காய்கறி விற்கிறவர்களும் வேலைக்குப் போகிறவர்களும் தங்கள் ரசீதுகளை அவளிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். பூக்கட்டுவதை நிறுத்திவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகப் படித்துச் சொல்வாள். அதற்கு அவள் காசு வாங்கியதில்லை. வெற்றிலை கொடுத்தால் வாங்கிக்கொள்வாள்.