மேசைக் கணினியும் மடிக்கணினியும்

மேசைக் கணினி, மடிக்கணினி ஆகியன தனிநபர் கணினியின் இரு வடிவங்கள் ஆகும். ஒரே இயங்குதளமும் ஒரே மென்பொருட்களும் இரண்டிலும் இயங்குகின்றன. மையச் செயலி, நினைவகம், சேமிப்பகம், காட்சித்திரை, விசைப்பலகை என உறுப்புகளும் ஒன்றே. ஆயினும் வெப்பத்தை வெளியேற்றும் இடவசதி, மின்சாரம் பெறும் முறை, பழுதுற்ற உறுப்பை மாற்றும் வசதி ஆகிய மூன்றில் இவை பெரிதும் வேறுபடுகின்றன. கடைகளில் தரப்படும் விவரப் பட்டியலில் இம்மூன்றும் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. ஒரே முறை பணம் திரட்டிக் கணினி வாங்கும் குடும்பத்திற்கு அது எத்தனை ஆண்டுகள் உழைக்கும் என்பதை இவையே தீர்மானிக்கின்றன.

வரலாறு

ஐபிஎம் நிறுவனம் 1981 ஆகத்து 12 அன்று வெளியிட்ட தனிநபர் கணினி, இன்றைய மேசைக் கணினிகளுக்கு முன்னோடி எனலாம். அதற்குச் சில மாதங்கள் முன்னரே, அதே ஆண்டு ஏப்ரலில், தூக்கிச் செல்லத்தக்க கணினியான ஆஸ்போர்ன் 1 அறிமுகமாகியிருந்தது. அதன் எடை ஏறத்தாழ 11 கிலோகிராம். திரை 5 அங்குலம். விலை 1,795 அமெரிக்க டாலர். உள்ளே மின்கலம் இல்லாததால் அதனை எங்கு கொண்டு சென்றாலும் சுவரில் மின்செருகியைத் தேட வேண்டியிருந்தது. இதனை விற்பனைக்குக் கொண்டுவந்த ஆடம் ஆஸ்போர்னுக்குத் தமிழ்நாட்டுடன் நெருங்கிய தொடர்பு உண்டு. 1939-இல் பாங்காக்கில் பிறந்த அவர், தம் தந்தை ஆர்தர் ஆஸ்போர்ன் ரமண மகரிஷியின் அன்பராக இருந்தமையால் சிறுவயதைத் திருவண்ணாமலையில் கழித்தார். 2003-இல் கொடைக்கானலில் காலமானார்.

மூடித் திறக்கும் வடிவம் 1982-இல் வெளிவந்த கிரிட் காம்பஸ் கணினியில் காணப்பட்டது. அதன் விலை 8,150 டாலர். அமெரிக்க விண்ணோடங்களிலும் அது பயன்பட்டது. 1991-இல் ஆப்பிளின் பவர்புக், விசைப்பலகையைத் திரைப்பக்கமாகத் தள்ளி, மணிக்கட்டு ஊன்ற முன்புறம் இடம் விட்டது. இன்றைய மடிக்கணினிகள் ஏறத்தாழ யாவும் அந்த அமைப்பையே பின்பற்றுகின்றன. அதே ஆண்டில் சோனி நிறுவனம் இலித்தியம் அயனி மின்கலத்தை வணிக முறையில் வெளியிட்டது. 2008-ஆம் ஆண்டின் மூன்றாம் காலாண்டில் உலகச் சந்தையில் மடிக்கணினிகளின் எண்ணிக்கை முதன்முறையாக மேசைக் கணினிகளின் எண்ணிக்கையை விஞ்சியது.

வெப்பமும் வேகமும்

செயலி பெறும் மின்னாற்றல் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகவே வெளியேறுகிறது. 100 வாட் உட்கொள்ளும் செயலி, உண்மையில் 100 வாட் திறனுள்ள ஒரு சூடாக்கியும் ஆகும். மேசைக் கணினியின் பெட்டிக்குள் பெரிய உலோக வெப்பத்தகட்டுக்கும் ஒன்றிரண்டு பெரிய விசிறிகளுக்கும் இடம் உண்டு. இரண்டு செண்டிமீட்டர் தடிப்புள்ள மடிக்கணினியில் ஒரு மெல்லிய செப்புக் குழாயும் சிறு விசிறியுமே அடங்கும். எனவே மடிக்கணினிச் செயலிகள் குறைந்த மின்சாரத்தில் இயங்குமாறு அமைக்கப்படுகின்றன.

இது எவ்வாறு இயலுகிறது என்பதை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். செயலி இயங்கும்போது செலவாகும் மின்திறன், மின்னழுத்தத்தின் இருபடிக்கும் கடிகார அதிர்வெண்ணுக்கும் நேர்விகிதத்தில் உள்ளது. இரண்டையும் 20 விழுக்காடு குறைத்தால் மின்திறன் 0.8 × 0.8 × 0.8 = 0.512 பங்காகிறது. அதாவது, வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தால் வெப்பம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். உச்ச வேகத்தின் கடைசிப் படிகளே மிகுந்த மின்சாரத்தை விழுங்குகின்றன. மடிக்கணினி என்னும் பொருளே சாத்தியமாவது இந்தக் கணக்கினால்தான்.

இதன் விளைவாக, கடிதம் எழுதுதல், இணையத்தில் உலாவுதல், சிறு நிரல்களை எழுதி இயக்கிப் பார்த்தல் போன்ற விட்டு விட்டு நிகழும் பணிகளில் இரண்டுக்கும் வேறுபாடு தெரிவதில்லை. நீண்ட நேரம் ஓயாது இயங்கும் பணிகளில், எடுத்துக்காட்டாக நிகழ்படத் தொகுப்பிலோ பெரிய நிரல்தொகுதியைத் தொகுப்பதிலோ, மடிக்கணினி முதல் சில நிமிடங்கள் விரைந்தோடிப் பின்னர் வெப்ப வரம்பை எட்டியதும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. கோடையில் அறை வெப்பமே 38 பாகை செல்சியசாக இருக்கும் ஊர்களில் இவ்வரம்பு விரைவில் வந்துவிடும். மெத்தையின்மேல் வைத்துக் காற்றுத் துளைகளை அடைத்தால் இன்னும் விரைவில் வரும்.

பெயரை மட்டும் பார்த்து வாங்குவோர் ஏமாறும் இடமும் இதுவே. என்விடியா நிறுவனம் 2022-இல் வெளியிட்ட ஆர்டிஎக்ஸ் 4090 வரைகலை அட்டை 450 வாட் வரை பெறுவது. 16,384 கணிப்பு உட்கருக்களும் 24 கிகாபைட்டு நினைவகமும் கொண்டது. 2023-இல் அதே பெயருடன் மடிக்கணினிகளில் வந்தது வேறொரு சில்லு. அதில் 9,728 உட்கருக்களும் 16 கிகாபைட்டு நினைவகமுமே உள்ளன. மாறாக, ஆப்பிள் 2020 நவம்பரில் வெளியிட்ட எம்1 சில்லு, விசிறியே இல்லாத மாக்புக் ஏர் மடிக்கணினியிலும் மாக் மினி என்னும் மேசைக் கணினியிலும் ஒன்றாகவே பொருத்தப்பட்டது. மடிக்கணினி என்றாலே வேகம் குறைந்தது என்னும் கருத்தை அது பெரிதும் மாற்றியது. எனினும், நீண்ட பணிகளில் விசிறியுள்ள கணினியே தன் வேகத்தைத் தக்கவைத்துக்கொண்டது.

மின்வெட்டும் மின்கலமும்

தமிழ்நாட்டில் 2012-ஆம் ஆண்டில் சென்னைக்கு வெளியே நாள்தோறும் பல மணி நேரம் மின்வெட்டு நிலவியது. இலங்கையில் 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளில் 13 மணி நேரம் வரை மின்சாரம் தடைப்பட்டது. இத்தகைய காலங்களில் மடிக்கணினியின் மேன்மை வெளிப்படை. ஆனால் அதன் காரணம் பலர் எண்ணுவது போல் மின்கலத்தின் பருமன் அன்று. மேசைக் கணினியுடன் வீடுகளில் பயன்படுத்தப்படும் சிறிய யுபிஎஸ் கருவியில் வழக்கமாக 12 வோல்ட்டு, 7 ஆம்பியர்-மணி மின்கலம் இருக்கும். அதன் கொள்ளளவு 84 வாட்-மணி. இடைத்தர மடிக்கணினியின் மின்கலமோ 50 வாட்-மணி அளவினது. எனினும் மடிக்கணினி 10 வாட்டில் இயங்கி ஐந்து மணி நேரம் தாக்குப்பிடிக்க, திரையுடன் 100 வாட் உட்கொள்ளும் மேசைக் கணினி கால் மணி நேரத்தில் அணைந்துவிடுகிறது. விரைவாக மின்னிறக்கம் செய்யப்படும் ஈய-அமில மின்கலம் தன் முழுக் கொள்ளளவையும் தருவதில்லை என்பதும் இதற்கு ஒரு காரணம். வீட்டிற்கே இன்வெர்ட்டர் வைத்திருப்போருக்கு இந்த வேறுபாடு பெரிதாகாது.

மின்கட்டணத்திலும் இது எதிரொலிக்கும். நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் இயங்கினால், 100 வாட் மேசைக் கணினி மாதம் 24 யூனிட்டும் 25 வாட் மடிக்கணினி 6 யூனிட்டும் செலவழிக்கும்.

மின்கலம் தேயும் பொருள் ஆகும். சில நூறு முறை முழுமையாக மின்னேற்றி இறக்கிய பின் அதன் கொள்ளளவு தொடக்கத்தில் இருந்ததில் ஏறத்தாழ 80 விழுக்காடாகக் குறைகிறது. எப்பொழுதும் மின்னேற்றியைச் செருகியே வைத்திருப்பதும் வெப்பமும் இத்தேய்வை விரைவுபடுத்தும். மின்னேற்றத்தை 80 விழுக்காட்டில் நிறுத்தும் அமைப்பு பல மடிக்கணினிகளில் உள்ளது. மின்கலம் உப்பி உடலைத் தள்ளினால் பயன்பாட்டை உடனே நிறுத்த வேண்டும்.

பழுதும் மேம்பாடும்

மேசைக் கணினியின் பெரிய வலிமை இங்கேதான் உள்ளது. இன்டெல் நிறுவனம் 1995-இல் வரையறுத்த ஏடிஎக்ஸ் அமைப்பின் அளவுகளை இன்றும் பெட்டிகளும் தாய்ப்பலகைகளும் மின்வழங்கிகளும் பின்பற்றுகின்றன. மின்வழங்கி எரிந்துபோனால், எந்த நிறுவனத்தினுடையதையும் வாங்கி ஒரு திருப்புளியைக் கொண்டு மாற்றிவிடலாம். விசைப்பலகையில் தேநீர் கொட்டினால் நட்டம் ஒரு விசைப்பலகை மட்டுமே. மடிக்கணினியில் அதே தேநீர் தாய்ப்பலகை வரை இறங்கக்கூடும். சில வகைகளில் விசைப்பலகை மேல்மூடியுடன் ஒன்றாகப் பிணைக்கப்பட்டிருப்பதால் இரண்டையும் சேர்த்தே மாற்ற நேரிடும். கீல் உடைவது மடிக்கணினிக்கே உரிய பழுது.

ரேம் எனப்படும் தற்காலிக நினைவகத்தைத் தாய்ப்பலகையிலேயே பற்றவைப்பது கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பரவிய வழக்கமாகும். இது வணிகத் தந்திரம் மட்டுமே என்று கூறிவிட முடியாது. குறைந்த மின்னழுத்தத்தில் மிகு வேகத்தில் இயங்கும் நினைவகத்திற்குக் குறிகைகள் செல்லும் பாதை குறுகியதாக இருக்க வேண்டும். செருகுவாய் வைத்தால் பாதை நீளும். இச்சிக்கலைத் தீர்க்க 2023 இறுதியில் கேம்2 என்னும் கழற்றக்கூடிய நினைவகச் சீர்தரம் வெளியிடப்பட்டது. 2021-இல் விற்பனைக்கு வந்த ஃபிரேம்வொர்க் மடிக்கணினி, பயனரே உறுப்புகளை மாற்றும் வண்ணம் வடிவமைக்கப்பட்டது. ஆயினும் இவை இன்னும் விதிவிலக்குகளே. 8 கிகாபைட்டு ரேம் பற்றவைக்கப்பட்ட மடிக்கணினியை வாங்குபவர், நான்காண்டுக்குப் பின் அது போதாமற்போனால் முழுக் கணினியையும் மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. ஆகவே வாங்குமுன் ரேம் செருகுவாய் உண்டா, சேமிப்பகம் கழற்றத்தக்கதா, மின்கலம் திருகாணியால் பொருத்தப்பட்டதா ஒட்டப்பட்டதா என விசாரிப்பது நன்று.

மேசைமேல் இருப்பவை யாவும் இந்த வசதியைத் தருவதில்லை. திரையும் கணினியும் ஒன்றாக அமைந்த வகைகள் பலவற்றில் மடிக்கணினியின் உறுப்புகளே உள்ளன. பெயர்த்துச் செல்லவும் இயலாது, பிரித்து மாற்றவும் எளிதன்று.

தேர்வு

தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய மாணவர் திட்டத்தில் மடிக்கணினியே வழங்கப்பட்டது. தனி மேசையோ தனி அறையோ இல்லாத வீட்டிலும், விடுதியிலும் அது பயன்படும். அத்தகைய நிலையில் உள்ளவருக்கு வேறு தேர்வு இல்லை என்றே கூறலாம். எனினும் திரையும் விசைப்பலகையும் பிரிக்க முடியாதபடி இணைந்திருப்பதால், விசைகள் கைக்கு ஏற்ற உயரத்தில் இருந்தால் திரை தாழ்ந்து கழுத்தை வளைக்கும். நாள் முழுதும் பணிபுரிவோர் கணினியைச் சில புத்தகங்களின்மேல் உயர்த்தி வைத்து, தனி விசைப்பலகையும் சுட்டியும் இணைத்துக்கொள்வது உடலுக்கு நல்லது.

பலர் பகிர்ந்து பயன்படுத்தும் வீட்டுக் கணினிக்கும், இடம்பெயராத பணிக்கும், வரைகலை மிகுந்த வேலைகளுக்கும் மேசைக் கணினியே ஏற்றது. ஒரே தொகைக்கு அது மிகுந்த திறனைத் தரும். திரையை ஒருமுறை வாங்கினால் அடுத்த கணினிக்கும் அதுவே உதவும். பணம் மிகக் குறைவாக இருப்பின், அலுவலகங்கள் கழித்துவிடும் பழைய மேசைக் கணினியை வாங்கி, வன்தட்டுக்குப் பதிலாக எஸ்எஸ்டி பொருத்தலாம். விண்டோசு 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவடைந்தது. விண்டோசு 11 சில விதிவிலக்குகள் நீங்கலாக இன்டெல்லின் எட்டாம் தலைமுறைச் செயலிகளையும் அதற்குப் பிந்தியவற்றையுமே ஏற்கிறது. அதற்கு முந்திய கணினி மலிவாகக் கிடைத்தால் அதில் லினக்சை நிறுவிப் பயன்படுத்தலாம்.