ஷார்ப் கொஞ்சம் கீழே இருந்த காலம்

1756-இல் ஆக்ஸ்பர்க் நகரில் ஒரு வயலின் பாடநூல் வெளியானது. எழுதியவர் லியோபோல்ட் மோட்சார்ட். மகன் வுல்ஃப்காங் பிறந்ததும் அதே வருஷம்தான். அதில் வரும் ஒரு குறிப்பு இன்றைக்கு வயலின் கற்பவர்களைக் குழப்பிவிடும். ஜி ஷார்ப்பும் ஏ ஃப்ளாட்டும் கீபோர்டில் ஒரே கட்டை. ஆனால் சரியான விகிதப்படி பார்த்தா ஃப்ளாட் சுரம் ஷார்ப்பைவிட ஒரு கமா உயரம் என்கிறார்.

இன்றைய ஆசிரியர்கள் பலர் சொல்வது நேர் எதிர். ஏ மேஜரில் ஜி ஷார்ப் வந்தா விரலை ஏ பக்கம் நெருக்கி வை, அது மேலே போகத் துடிக்கிற சுரம் என்பார்கள். செல்லோ மேதை பாப்லோ காசல்ஸ் வலியுறுத்தியதும் இதையே. அப்போ யார் சொல்வது சுருதி?

முதலில் இந்தக் 'கமா' எவ்வளவுன்னு பார்ப்போம். ஜி-யிலிருந்து ஏ வரையுள்ள இடைவெளியை ஒன்பது பங்கு போடுவது அன்றைய வழக்கம். நாலாவது பங்கில் ஜி ஷார்ப், ஐந்தாவதில் ஏ ஃப்ளாட். பியானோவில் அடுத்தடுத்த கட்டைகளுக்கு நடுவே 100 சென்ட். அந்தக் கணக்கில் ஒரு கமா சுமார் 22 சென்ட். வயலினின் டி தந்தியில் இந்த இடத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். விரல் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் நகரணும். காதுக்கு நன்றாகவே தெரியும்.

இது வயலின்காரர்களின் தனிப் பிடிவாதமும் இல்லை. க்வான்ட்ஸ் தன் புல்லாங்குழலில் டி ஷார்ப்புக்கும் ஈ ஃப்ளாட்டுக்கும் தனித்தனி சாவியே வைத்தார்!

காரணம் எளிது. ஈ, ஜி ஷார்ப் இரண்டையும் சேர்த்து ஒலித்தால், 4:5 விகிதத்தில் அதிர்வில்லாமல் கலக்கும். அது 386 சென்ட். பியானோ தருவது 400. அதாவது, சேர்ந்து ஒலிக்கும்போது ஷார்ப் தாழ்ந்தால்தான் இனிமை. தனி மெட்டாக ஏ-க்குத் தாவும்போதோ, உயர்ந்த ஷார்ப் விறுவிறுப்பாக இருக்கும். லியோபோல்ட் முதலாவதைக் கேட்டார், காசல்ஸ் இரண்டாவதை. என் காது லியோபோல்ட் பக்கம், குறிப்பாக நால்வர் குழு மெதுவாக வாசிக்கும்போது.

வேடிக்கை என்னன்னா, போனில் இருக்கும் டியூனர் ஆப் பெரும்பாலும் பியானோவின் 400-க்குத்தான் பச்சை விளக்கு காட்டும். இரண்டு பேருக்கும் அது சிவப்பு.